மாரிக்கனியிடம் கேட்க வேண்டியது

இன்னும் அரைமணியோ முக்கால் மணியோ என்று சொல்லிவிட்டு நாச்சியார் கை கழுவப் போய்விட்டாள். பிரசவ வார்டு டாக்டர் அவள், பிள்ளை வெளியே வரும்வரை அவள் பொறுப்பு, வந்த பிறகு என் பொறுப்பு. கர்ப்பவாய் ஏழு சென்டிமீட்டர் திறந்தாச்சு பியூலா, இனி நிறுத்த முடியாது, பிள்ளையோட நுரையீரலுக்கு நேத்து ராத்திரி ஒரு ஊசி போட்டோம், ரெண்டாவது போட நேரமில்ல, மெடிக்கல் காலேஜுக்கு அனுப்பினா ஆம்புலன்ஸ்லயே பொறந்துரும், இனி உன் பாடு. என் பாடுதான். மணி பத்தேகால். ஜன்னல் வெயில் வார்மர் மேல் விழுகிறது, அந்த மேஜை தானாகவே சூடாகும், அதற்கு வெயில் எதற்கு, இருந்தாலும் திரையை இழுத்து மூட மனம் வரவில்லை. ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கிறேன். மூச்சு கொடுக்கிற ஆம்பு பை, இருப்பதிலேயே சின்ன முகமூடி, புட்டி மூடியளவுதான் இருக்கும், சளி உறிஞ்சும் குழாய், சூடு போகாமல் சுற்றிவைக்கப் பிளாஸ்டிக் உறை, கம்பளித் தொப்பி. தொப்பி பெரிது. எப்போதும் பெரிதாகத்தான் இருக்கும், இந்த அளவுத் தலைக்கு யாரும் தொப்பி பின்னுவதில்லை. மூன்றாவது முறையாக இதையெல்லாம் தொடுகிறேன் என்று இப்போதுதான் உறைக்கிறது. சிஸ்டர் லீமா என்னைப் பார்த்துவிட்டுப் பதிவேட்டைப் புரட்டுகிறாள். அவளுக்குத் தெரியும். எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது. நான் பச்சைத் திரைக்கு அந்தப் பக்கம் போகாமல் இருப்பதற்காக இங்கே தொப்பியை மடித்து மடித்து வைத்துக்கொண்டிருக்கிறேன். திரைக்குப் பின்னால் கட்டிலில் இருப்பவள் மாரிக்கனி.

வேறு யாராக இருந்தாலும் இந்நேரம் போயிருப்பேன். அம்மா, நான் குழந்தை டாக்டர், உங்க பிள்ளை ரொம்ப முன்னாடியே வரப்போகுது, என்று தொடங்கிச் சொல்வதற்கு எனக்கு ஒரு பாட்டு இருக்கிறது, வாய் தானாகவே பாடும். மாரிக்கனியிடம் அது செல்லாது. ஆறு வருடத்துக்கு முன்னால் இதே அறையில், இதே வார்மரில், அவளுடைய மூத்தவன் தருணை இருபத்தாறு வாரத்தில் நான்தான் வாங்கினேன். எண்ணூற்றுப் பத்து கிராம். அழவில்லை. மூச்சுக் குழாய் போட்டேன், நெஞ்சை இரண்டு விரலால் அமுக்கினேன், மூன்றாவது நிமிடம் இதயம் ஏறியது, லீமா கைதட்டினாள், நானும் சிரித்தேன், சிரித்தது நன்றாக நினைவிருக்கிறது, முகக்கவசத்துக்குள் என் மூச்சே எனக்குச் சூடாக அடித்தது. ஒருவரும் மாரிக்கனியிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்பது என்று ஒன்று இருப்பதாகவே அன்று எனக்குத் தோன்றவில்லை. வீடு பற்றி எரிந்தால் உள்ளே இருப்பவனை இழுத்துப் போடலாமா என்று யாராவது கேட்பார்களா? மூன்றாம் நாள் தலையில் ஸ்கேன் வைத்துப் பார்த்தபோது இடது பக்கம் வெள்ளையாக ஒரு திட்டு. ரத்தக் கசிவு. சின்னது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், சின்னதில்லை. அவளுடைய புருஷன் முனியசாமி, லோடு ஆட்டோ ஓட்டுகிறவன், காக்கிச் சட்டையோடு வாசலில் நின்றான். "தலையில லேசா ரத்தக் கசிவு இருக்கு, பார்ப்போம்," என்றேன். பார்ப்போம். எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் அந்தச் சொல்லை. அதற்குள் எல்லாம் அடங்கிவிடும், எதையும் சொல்லாததும் அடங்கிவிடும். அவன் கும்பிட்டான். அறுபத்திரண்டு நாள் கழித்துப் பிள்ளையை எடுத்துக்கொண்டு போகும்போது மாரிக்கனி என் காலில் விழ வந்தாள், தூக்கி நிறுத்தினேன், கன்னத்தைத் தட்டினேன், அந்த வாரம் முழுக்க எனக்கு நல்ல தூக்கம்.

தருண் நடக்கவில்லை. பேசவில்லை. கால் இரண்டும் கத்தரிக்கோல் மாதிரி பின்னிக்கொள்ளும், எச்சில் வடியும், ஆனால் ஆளைத் தெரியும், அம்மாவின் வளையல் சத்தம் கேட்டால் தலை திரும்பும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட்டிக்கொண்டு வருவாள். எனக்கு அந்த நாள் முன்கூட்டியே தெரியும். செவ்வாய்க்கிழமை ஓ.பி. பட்டியலில் அந்தப் பெயரைத்தான் கண் முதலில் தேடும். திட்ட மாட்டாள். அழ மாட்டாள். இப்ப வெண்டைக்காயை மசிச்சுக் குடுத்தா முழுங்குதான் டாக்டரம்மா என்பாள். அதுதான் தாங்க முடியாது. அவனுக்கு ஒரு வயதானபோது ஒரு போட்டோ கொண்டுவந்து கொடுத்தாள், நீலச் சட்டை, நெற்றியில் பெரிய பொட்டு. எங்கள் வார்டு வாசலில் ஒரு சுவர் இருக்கிறது, பிழைத்துப்போன பிள்ளைகளின் படங்களை ஒட்டுவோம், பள்ளிக்கூடச் சீருடை, மொட்டைத் தலை, சைக்கிள். புதிதாக வருகிற தாய்மார்கள் அதன் முன்னால் நின்று பார்ப்பார்கள், அதில் அவர்களுக்கு ஒரு தெம்பு. தருணின் கண் ஒன்று உள்ளே திரும்பியிருந்தது, கைவிரல்கள் முறுக்கிக்கொண்டிருந்தன. நான் அந்தப் போட்டோவை மேஜை டிராயரில் வைத்தேன். பிறகு ஒட்டலாம் என்று. அடுத்த முறை வந்தபோது மாரிக்கனி சுவரின் முன்னால் நின்று ஒவ்வொரு படமாகப் பார்த்தாள், நான் கண்ணாடிக் கதவு வழியாக அவள் முதுகைப் பார்த்தேன், அவள் மெதுவாகத் திரும்பி உள்ளே வந்து, வெண்டைக்காய் பற்றிச் சொன்னாள். அவள் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் நான் ஏதாவது பொய் சொல்லி ஆறியிருப்பேன்.

என் கட்டைவிரலும் இரண்டு விரலும் தொப்பியை அமுக்கிக்கொண்டிருக்கின்றன. அமுக்கு, ரெண்டு, மூணு. அமுக்கு, ரெண்டு, மூணு. மூச்சு கொடுக்கிற தாளம். பேருந்தில் போகும்போதும் கைப்பையின் வாரை இப்படித்தான் அமுக்குவேன், வீட்டில் கோதுமை மாவு பிசைந்தாலும் அதே எண்ணிக்கை, என் மகள் சிரிப்பாள், அம்மா சப்பாத்திக்கு உயிர் குடுக்காங்க என்று. இந்தக் கைக்கு வேறொன்றும் தெரியாது. ஒரு பிள்ளை முன்னால் கிடந்தால் அது பாட்டுக்கு வேலையைத் தொடங்கிவிடும், என்னைக் கேட்காது. அதுதான் இன்றைக்குப் பயம். இந்தப் பிள்ளைக்கு இருபத்து நாலு வாரம், அது ஒரு கோடு, கோடுகூட இல்லை, மழைக்காலக் கண்மாய்க் கரை மாதிரி, எங்கே தண்ணீர் முடிகிறது எங்கே மண் தொடங்குகிறது என்று காலை வைத்தால்தான் தெரியும். பெரிய ஊர்களில், பெரிய ஆஸ்பத்திரிகளில் பிழைக்கின்றன. எங்களிடம் இந்த வயதில் பிழைத்தது, எனக்கு நினைவு தெரிந்து, ஒன்றே ஒன்று. அது இப்போது மூன்றாம் வகுப்பு படிக்கிறது, அதன் படம் சுவரில் நடுவில் இருக்கிறது. அந்தப் படம்தான் என்னைக் கெடுக்கிறது. எல்லாம் செய் என்று ஒரு பக்கம் இழுக்கிறது. மறுபக்கம் டிராயர். செய்யாதே என்று யார் சொல்வது, நானா? தருணைப் பார்த்தபின் எனக்குக் கை தயங்கினால், அது இந்தப் பிள்ளைக்குச் செய்கிற நியாயமா? இந்தப் பிள்ளைக்கும் தருணுக்கும் என்ன சம்பந்தம், இது இன்னும் ஒரு தப்பும் செய்யவில்லை. தருண் மட்டும் என்ன தப்பு செய்தான்? சரி, இப்படியே போனால் பிள்ளை பிறந்துவிடும். கேள். போய்க் கேள்.

"மேடம், உங்களத்தான் கேக்காங்க," என்றாள் லீமா திரையை விலக்கி.

மாரிக்கனி ஒருக்களித்துப் படுத்திருந்தாள். தலைமாட்டுக் கம்பியைப் பிடித்திருந்த கை வெளுத்திருந்தது. வலி வந்து போகும்வரை நான் நின்றேன், அவள் முதுகில் கை வைத்தேன், நைட்டி நனைந்திருந்தது. வலி விட்டதும் கண்ணைத் திறந்து, "பிழைக்குமா டாக்டரம்மா?" என்றாள். பார்ப்போம் என்று நாக்கின் நுனிவரை வந்தது. முழுங்கினேன். "பிழைக்காமப் போறதுக்குத்தான் வாய்ப்பு அதிகம், கனி. பத்துல எட்டு ஒன்பது பிழைக்காது. பிழைச்சாலும்..." நிறுத்திவிட்டேன். "தருண் மாதிரி இருக்கும்னு சொல்லுங்க," என்றாள் அவள், கோபமே இல்லாமல். "இருக்கலாம். அத விடக் கஷ்டமாவும் இருக்கலாம். நல்லாவும் இருக்கலாம், ஆனா அது ரொம்பக் குறைச்சல்." தலையாட்டினாள். மின்விசிறி ஒரு பக்கம் கிறீச்சிட்டது. "போன தடவ நான் ஒங்கிட்டக் கேக்கல," என்றேன். குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. "இந்தத் தடவ கேக்கறேன். குழாய் போட்டு, மெஷின் வச்சு, எல்லாம் செய்யட்டுமா? இல்ல, பிள்ளைக்கு நோகாமப் போர்த்தி ஒங்கையில குடுத்துரட்டுமா? எதுன்னாலும் சரிதான். ரெண்டும் தப்பில்ல." அவள் வாசல் பக்கம் பார்த்தாள், அங்கேதான் முனியசாமி தருணைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தான். பிறகு கேட்டாள்: "நான் வேண்டாம்னு சொன்னா, தருணையும் வேண்டாம்னு சொன்ன மாதிரி ஆயிருமா?"

இதை எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லித் தரவில்லை. எத்தனை கூட்டம், எத்தனை பயிற்சி, பெற்றோரிடம் எப்படிப் பேசுவது என்று மூன்று நாள் வகுப்பு, மதியம் பிரியாணி, சான்றிதழ், அங்கே யாரும் இதைக் கேட்கவில்லை. ஆகாது கனி, ஆகவே ஆகாது என்றேன், உடனே, ரொம்ப உடனே, அதனால் பொய் மாதிரி ஒலித்தது. அவள் கம்பியை விட்டுவிட்டு என் கையைப் பிடித்தாள். "அவனத் தூக்கிக் குளிப்பாட்டுதேன், ஊட்டுதேன், ராத்திரி நாலு தடவ திருப்பிப் போடுதேன். ஒரு நாள்கூட இவென் பொறந்திருக்க வேண்டாம்னு நெனச்சதில்ல டாக்டரம்மா. சாமி சத்தியமா. ஆனா இன்னொண்ணு அப்படி வந்தா, அவனுக்கு ஆளில்லாமப் போயிரும். அத நெனச்சா வேண்டாம்னு வருது. வேண்டாம்னு வாயில வரும்போதே அவென் மொகம் வருது. எனக்குச் சொல்லத் தெரியல. நீங்களே பாத்துச் செய்யுங்க." வலி தொடங்கிவிட்டது, பல்லைக் கடித்துக்கொண்டு மிச்சத்தையும் சொன்னாள்: "ஆனா அன்னைக்கு மாதிரி எனக்குத் தெரியாமச் செய்யாதீங்க. நான் இங்கதான கெடந்தேன். அங்க என்ன நடக்குன்னு ஒருத்தரும் சொல்லல. நீங்க எல்லாம் சிரிச்சீங்க, அது மட்டும் கேட்டுச்சு."

அவ்வளவுதான் நேரம் இருந்தது. அந்த வலியின் நடுவிலேயே நான் சொன்னேன், காதருகில் குனிந்து, அவளுக்குக் கேட்டதோ இல்லையோ. முதலில் முகமூடி வைத்துக் காற்று கொடுப்பேன், பிள்ளை தன் பங்குக்கு எழுந்துவந்தால் நானும் கூடவே போவேன், வரவில்லை என்றால் குத்திக் குடைய மாட்டேன், ஒன்றொன்றையும் உரக்கச் சொல்லிக்கொண்டே செய்வேன். கேட்டிருக்கிறது. என் கையை ஒருமுறை அழுத்தினாள். நாச்சியார் கையுறையோடு வந்து நின்றாள், நான் வார்மருக்கு ஓடினேன், திரையை முழுவதுமாக ஒதுக்கிவிடச் சொன்னேன், லீமா தயங்கினாள், ஒதுக்கினாள். இப்போது மாரிக்கனி தலையைத் திருப்பினால் நான் தெரிவேன். இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக ஒரு தாய் பார்க்கிற இடத்தில் நின்று வேலை செய்யப்போகிறேன், பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி. பத்து ஐம்பதுக்குப் பிறந்தது. பனிக்குடப் பையின் பாதியோடு வழுக்கிக்கொண்டு வந்து நாச்சியாரின் உள்ளங்கையில் கிடந்தது, அங்கிருந்து என் கைக்கு, என் ஒரு கைக்கு. பெண். தோலா அது, ஈரமான ரோஜா இதழ், உள்ளே ஓடும் நரம்பெல்லாம் தெரிகிறது. கண்ணிமை இன்னும் பிரியவில்லை. "கனி, பொம்பளப்பிள்ள," என்றேன் உரக்க. "மூச்சு எடுக்கல. பிளாஸ்டிக் உறையில போட்டுட்டேன், சூடா இருக்கா. இப்ப முகமூடி வைக்கறேன். காத்து குடுக்கறேன்." அமுக்கு, ரெண்டு, மூணு. நெஞ்சு எழுகிறது, சிட்டுக்குருவியின் நெஞ்சளவு. லீமா ஸ்டெத்தை வைத்துக்கொண்டு விரலால் தட்டிக் காட்டினாள், துடிப்பு எப்படிப் போகிறது என்று. மெதுவாக. ரொம்ப மெதுவாக. "இதயம் ஐம்பது அடிக்குது கனி. நூறு வேணும். காத்து குடுத்துக்கிட்டே இருக்கேன்." ஒரு நிமிடம். எடை அறுநூற்று இருபது. ரெண்டு நிமிடம். ஐம்பத்தைந்து. ஒருமுறை, ஒரே ஒருமுறை, வாயைத் திறந்து தானாகவே மூச்சை இழுத்தாள், கனி, ஒரு மூச்சு எடுத்தா என்று கத்தினேன், அறையில் எல்லோரும் நின்றுவிட்டார்கள். அதற்குப் பிறகு இல்லை. மூன்று நிமிடம். நாலு. ஐம்பது. என் இடது கை தட்டில் இருந்த குழாயை எடுத்துவிட்டது. நான் எடுக்கச் சொல்லவில்லை. அது எடுத்துவிட்டது. இப்போது போட்டால் உள்ளே போய்விடும், எனக்குப் போடத் தெரியும், மாவட்டத்தில் என்னைவிட நன்றாகப் போடுகிறவர்கள் இல்லை என்பார்கள், போட்டுவிட்டு நெஞ்சை அமுக்கலாம், தொப்புள் வழியாக மருந்து தள்ளலாம், ஏறும், ஏறக்கூடும், ஒரு மணி நேரம், ஒரு நாள், மூன்று நாள், மூன்றாம் நாள் ஸ்கேன். லீமா என்னைப் பார்க்கிறாள். மாரிக்கனி என்னைப் பார்க்கிறாள். இந்தப் பிள்ளை எழுந்துவரவில்லை என்பதால் நிறுத்துகிறேனா, அல்லது வாசலில் அப்பன் தோளில் கிடக்கிற ஒருவனுக்காக நிறுத்துகிறேனா. எனக்குத் தெரியவில்லை. இனியும் தெரியப்போவதில்லை, சாகும்வரை இதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பேன், இருக்கட்டும், அதற்குத்தான் எனக்கு இந்த வேலை. சொன்ன வாக்கு ஒன்றுதான் கையில் தெளிவாக இருந்தது. குழாயைத் தட்டில் வைத்தேன். ஏழாவது நிமிடம். "கனி, இவளால முடியல. நான் நிறுத்தறேன். ஒங்கிட்டக் கொண்டு வர்றேன்," என்றேன்.

பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்து, மெத்தென்ற துணியில் பொதிந்து, அவள் நைட்டியின் பொத்தானை விலக்கி நெஞ்சோடு வைத்தேன். மேலே ஒரு போர்வை. மாரிக்கனி முதலில் கையை எடுக்கவே இல்லை, நொறுங்கிவிடும் என்று பயந்தாள். நான் அவள் உள்ளங்கையை எடுத்துப் பிள்ளையின் முதுகில் வைத்தேன், முதுகு முழுவதும் அதற்குள் அடங்கியது. "தூங்குதா?" "தூக்கம் மாதிரிதான். வலி இல்ல." வழக்கமாக இந்த இடத்தில் நான் வெளியேறிவிடுவேன். எழுத வேண்டியது நிறைய இருக்கும், வேறு பிள்ளைகள் இருக்கும், இருக்கத்தான் செய்கின்றன, மேல்மாடியில் பதினொரு பிள்ளைகள் இன்குபேட்டர் பெட்டியில், ஜூனியர் பார்த்துக்கொள்வான். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். எனக்கு இங்கே செய்வதற்கு ஒன்றுமில்லை. செய்வதற்கு ஒன்றுமில்லாமல் ஒரு பிள்ளையின் அருகில் உட்கார்ந்து எத்தனை காலமாயிற்று, உட்கார்ந்ததே இல்லையோ என்னவோ, கை எங்கே வைப்பது என்று தெரியவில்லை, மடியில் வைத்தேன். "அவங்கள வரச் சொல்லலாமா?" என்றாள் மாரிக்கனி. "பிரசவ ரூமுக்குள்ள ஆம்பளைங்க..." என்று லீமா இழுத்தாள். "அடுத்த கட்டில்ல யாரும் இல்ல சிஸ்டர். நான் பாத்துக்கறேன்," என்றேன். முனியசாமி வந்தான், காக்கிச் சட்டைதான், தோளில் தருண். பையனுக்குக் கால் நீண்டுவிட்டது, இடுப்புக்குக் கீழே இரண்டும் பின்னித் தொங்கின. நான் எழுந்து நாற்காலியை முனியசாமிக்குக் கொடுத்தேன். அவன் உட்கார்ந்து பையனை மடியில் சாய்த்துக்கொண்டான். வளையல் சத்தத்துக்குத் தருணின் தலை திரும்பியது. யாரும் அழவில்லை, முனியசாமிக்கு மட்டும் மூக்கு ஒழுகியது, சட்டைக் கையில் துடைத்துக்கொண்டான்.

நான் கட்டிலின் மறுபக்கம் போய் நின்று, போர்வைக்குள் ஸ்டெத்தை நுழைத்துக் கேட்டேன். இருந்தது, எங்கேயோ தூரத்தில் யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி, தட்டிவிட்டு யோசித்து மறுபடி தட்டுகிற மாதிரி. "இருக்கா?" என்றாள் மாரிக்கனி. "இருக்கா," என்றேன். அஞ்சு நிமிடம் கழித்து மறுபடி. "இருக்கா?" "இருக்கா." கேள்வியும் பதிலும் ஒரே சொல்லாக இருக்கிறதே என்று எனக்கு உறைத்தது, ஓரத்தில் குரல் கொஞ்சம் ஏறினால் கேள்வி, இறங்கினால் பதில், இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நான் இத்தனை வருடம் பிழைப்பு நடத்தியிருக்கிறேன். மாரிக்கனி குனிந்து பிள்ளையின் காதைப் பார்த்தாள், காது இன்னும் மடிப்பு எடுக்கவில்லை, தட்டையாக ஒட்டிக்கிடந்தது, அவங்க அத்தை காது மாதிரி இருக்கு என்றாள், முனியசாமி எட்டிப் பார்த்து ஆமா என்றான். அவ்வளவு சின்னக் காதில் அவர்கள் யாரையோ கண்டுபிடித்துவிட்டார்கள். லீமா ஓசைப்படாமல் பதிவேட்டைக் கொண்டுவந்து, மேடம், கருச்சிதைவுன்னு போட்டுரவா என்று என் காதில் கேட்டாள். வேண்டாம், உயிருடன் பிறப்பு என்று போடுங்க, பத்து ஐம்பது என்றேன். பதினொன்று பத்து. பதினொன்று இருபது. இருக்கா. இருக்கா.

பதினொன்று முப்பத்தைந்துக்கு ஸ்டெத்தை வைத்தபோது என் காதுக்குள் ஓடுகிற ரத்தம் மட்டும்தான் கேட்டது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு முழு நிமிடம் நின்றேன். இன்னொரு நிமிடமும் நின்றேன், அது விதிமுறைக்காக இல்லை. மாரிக்கனி கேட்டாள், இறங்கின குரலில், பதில் மாதிரியே.

"இருக்கா."

"இப்ப இல்ல கனி," என்றேன். "இவ்வளவு நேரம் இருந்தா."

அவள் தலையாட்டினாள். போர்வையைக் கொஞ்சம் விலக்கி, முனியசாமியின் மடியில் கிடந்தவனைக் கிட்டே சாய்க்கச் சொன்னாள். முறுக்கிக்கொண்டிருந்த அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, அந்தக் கையை எடுத்துத் தன் நெஞ்சின் மேல் கிடந்த பிள்ளையின் முதுகில் வைத்தாள்.

"இருந்தாடா, ஒனக்கு ஒரு தங்கச்சி," என்றாள்.